ஏழு மணி என்று படித்தவள்

— "நவம்பர் பதினான்கு, வெள்ளிக்கிழமை. வானம் தெளிவாக இருந்தது. காலை முதல் ஒரு துளி மழைகூட இல்லை." இதுவரைக்கும் சரிதானேம்மா?

— சரிதான் அண்ணே. வெயில் நல்லா அடிச்சுது. அவரோட நீலச் சட்டையைக் காலைல காயப்போட்டேன், கொஞ்ச நேரத்துல மொறமொறன்னு காஞ்சிடுச்சு. அதைப் போட்டுக்கிட்டுதான் போனாரு.

— சட்டையெல்லாம் இதுல வேண்டாம். விசாரணை அதிகாரிக்குத் தேவையானதை மட்டும் எழுதியிருக்கேன். நீ கேளு. "என் கணவர் பம்ப் மெக்கானிக். ஆற்று மணலில் எங்களுக்குச் சொந்தமான டீசல் பம்ப் ஒன்று இருந்தது. அணையில் தண்ணீர் திறக்கும் நாட்களில் அதைக் கழற்றிக் கரையேற்றுவது அவருடைய வழக்கம்."

— நல்லா எழுதியிருக்கே. பேசும்போது நீ ஒரு வாக்கியத்தைக்கூட ஒழுங்கா முடிக்க மாட்டே.

— இந்த நேரத்துலயும் உனக்குக் கிண்டலா? கேளும்மா. "ஷட்டர் திறக்கும் நேரம், ஆற்றோர மக்களுக்கான குரூப்பில், அணையின் ஷட்டர் ஆபரேட்டரால் காலை பதினொன்று பத்துக்கு அறிவிக்கப்பட்டது."

— ஆபரேட்டர்னா நீ.

— நான்தான். அண்ணன்னு எழுத முடியுமா? பதவியைத்தான் எழுதணும். "அந்த அறிவிப்பில் மாலை ஐந்து மணி என்று இருந்தது."

— ம்.

— "என் கணவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துச் சொன்னேன். நான் அண்மையில்தான் மாலை வகுப்பில் படிக்கக் கற்றவள். ஆகையால் ஐந்து மணி என்பதை ஏழு மணி என்று தவறாகப் படித்துவிட்டேன்." அவ்வளவுதான். இங்க, இந்த இடத்துல. மை டப்பாவும் கொண்டு வந்திருக்கேன்.

— மை எதுக்கு?

— கைநாட்டு வைக்க. பிணவறையில அப்படித்தானே வச்சே. பக்கத்துலதானே நின்னேன்.

— அன்னிக்கு வச்சேன். நான் படிச்சதாலதானே போனாருன்னு, பேனாவைத் தொடவே பிடிக்கல. அதுக்கப்புறம் ஒரு எழுத்தும் படிக்கல அண்ணே. பஸ் போர்டைக்கூட ஏறெடுத்துப் பாக்கல. "இது எங்க போகுது"ன்னு ஒரு பொண்ணுகிட்ட கேட்டேன். "படிக்கத் தெரியாதா அக்கா?"ன்னா. தெரியாதும்மான்னு சொல்லிட்டேன். மூணு வருஷம் வேலை முடிஞ்சு மாடிப்படி ஏறிக் கத்துக்கிட்டது. ஒரே வார்த்தையில இல்லன்னு ஆக்கிட்டேன்.

— அதைத்தான் நானும் சொல்றேன். உன்மேல யாரும் பழி போடல. முப்பத்தெட்டு வயசுல எழுத்துக்கூட்ட ஆரம்பிச்சவ...

— எழுத்துக்கூட்டல. வாக்கியமாப் படிப்பேன். வகுப்புல எழுந்து நின்னு செய்தித்தாள் வாசிப்பேன்.

— சரி, வாசிப்பே. யார் இல்லன்னா?

— அன்னிக்கு அவரு குளிச்சிட்டிருந்தாரு. "டீச்சரம்மா, போன் கத்துதே, என்ன சேதி?"ன்னாரு. நான் கதவுக்கு வெளியே நின்னு, "ஆற்றோர மக்களின் கனிவான கவனத்திற்கு"ன்னு ஆரம்பிச்சேன். "கனிவெல்லாம் அப்புறம், மணியைச் சொல்லு"ன்னு சிரிக்கிறாரு. நான் விட்டேனா? தலையிலேர்ந்து கால்வரைக்கும் படிச்சேன். தண்ணிச் சத்தத்துல கேக்கல, இன்னொரு தடவைன்னாரு. இன்னொரு தடவையும் படிச்சேன். ரெண்டு தடவையும் ஏழுதான்.

— ஒரு தடவை மனசுல விழுந்துட்டா கண்ணு அதையேதான் பாக்கும். புரிஞ்சுக்கோம்மா.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். ஏழு மணிக்குத்தானே, சாவகாசமா எஞ்சினைக் கழட்டிக் கரையேத்திடலாம்னு நாலரைக்குப் போனாரு. ஸ்பானரைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு, பாட்டு முனகிக்கிட்டு. எல்லாம் முடிஞ்சு, உடம்பைக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி போனைத் திறந்து பாக்கறேன். ஐந்துன்னு இருக்கு. என் தலையில நானே அடிச்சுக்கிட்டேன். சாட்சிக்கு இதோ, இந்த வளையல் உடைஞ்ச காயம்.

— குரூப்ல அத்தனை பேரும் அஞ்சுன்னுதான் சொல்றாங்க.

— கேட்டேன். நாற்றுப்பண்ணைக்காரர் "ஏழுன்னு ஞாபகம்"னாரு. அப்புறம் சட்டைப் பையிலேர்ந்து போனை எடுத்துப் பாத்துட்டு, "இல்லம்மா, அஞ்சுதான், வயசாகுதில்ல, என் புத்தி தடுமாறுது"ன்னாரு. எல்லாரும் அப்படித்தான். ஞாபகத்தைக் கேட்டா ஏழு, போனைக் கேட்டா ஐந்து.

— போன் பொய் சொல்லாதும்மா.

— அதான் அண்ணே, இன்னிக்குக் காலைல மறுபடியும் படிக்க உக்காந்தேன். முழுசாப் படிச்சேன். கனிவான கவனத்திலேர்ந்து கடைசிப் புள்ளி வரைக்கும். அந்த நேரம் போட்டிருக்கே, காலை பதினொன்று பத்துன்னு, அதுக்குப் பக்கத்துல கடுகு மாதிரி ஒரு வார்த்தை இருக்கு. "திருத்தப்பட்டது." ஏன் டம்ளரைக் கீழ வச்சிட்டே? டீ ஆறுது. குடி.

— எழுத்துப்பிழை ஏதோ இருந்துச்சும்மா. அதைச் சரி பண்ணினேன்.

— எந்த வார்த்தையில?

— அதெல்லாம் ஞாபகம் இருக்குமா? நாளைக்குப் பத்து மெசேஜ் போடறேன்.

— பிழையோட நீ போட்ட மெசேஜ் அந்தக் குரூப்ல எத்தனையோ இருக்கு. "தண்ணீர்" எழுதத் தெரியாம ஒரு தடவை "தனிர்"னு போட்டே. அவருகிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கேன். அதையெல்லாம் விட்டுட்டு இதை மட்டும் திருத்தியிருக்கே. நேரத்தையா திருத்தினே?

— கத்தாதேம்மா. வெளிய கேக்கும்.

— நான் கத்தல. நீ வியர்க்கறே.

— சரி, சொல்றேன். உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? முதல்ல ஏழுன்னுதான் போட்டேன். போட்டு ரெண்டு நிமிஷம் இருக்கும், இன்ஜினியர் கூப்பிட்டாரு. மேல மலைப்பக்கம் மழை கொட்டுது, வரத்து ஏறுது, ஏழு வரைக்கும் தாங்காது, அஞ்சுக்கே திறன்னாரு. உடனே, அங்கேயே, அப்பவே அஞ்சுன்னு மாத்திட்டேன். அதுக்குள்ள நீ படிச்சு முடிச்சிட்டே. விதி.

— அப்போ நான் சரியாப் படிச்சேன்.

— ம்.

— தலையை ஆட்டாதே. வாயைத் திறந்து சொல்லு அண்ணே.

— சரியாத்தான் படிச்சே.

— இன்னொரு தடவை.

— சரியாத்தான்மா படிச்சே! போதுமா? ... அழாதே. தயவுசெஞ்சு அழாதே.

— இத்தனை நாளும் அவரு படத்துக்கு முன்னாடி நிக்கக்கூட எனக்குத் தைரியம் வரல. உனக்கு அது தெரியும். தினம் வந்து உக்காந்து, "விடும்மா, தெரியாமதானே படிச்சே"ன்னு என் முதுகைத் தடவிக் குடுத்தே. எப்படி அண்ணே மனசு வந்துச்சு?

— ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன். வேலை போனா குவார்ட்டர்ஸும் போகும். அதுங்களோட தெருவுலதான் நிக்கணும். உனக்குக் கல்நெஞ்சு கிடையாது.

— எனக்கு ஒண்ணு சொல்லு. திருத்தினா எங்க போன்ல மணி அடிக்குமா?

— அடிக்காது. இந்த ஆப்ல எப்ப திருத்தினாலும் சத்தம் வராது.

— புதுசா வந்த மாதிரி மேல வந்து நிக்குமா?

— இல்ல. இருந்த இடத்துலயே மாறும்.

— போட்ட நேரம்?

— பழைய நேரமேதான் இருக்கும்.

— அப்போ பாக்கறவங்களுக்கு, காலைலேர்ந்தே அது ஐந்துதான். சத்தமே இல்லாம மாத்திட்டு, கேக்காதவ மேல குத்தம். ஏன் அண்ணே, "முன்பு சொன்னது தவறு"ன்னு புதுசா ஒண்ணு போட்டிருக்கலாமே?

— போட்டிருக்கலாம். மேலதிகாரிங்களும் அந்தக் குரூப்ல இருக்காங்க. ரெண்டு மெசேஜ் போட்டா, முதல் மெசேஜை ஏன் கேக்காம போட்டேன்னு மெமோ குடுப்பாங்க. போன மாசந்தான் ஒண்ணு வாங்கினேன்.

— சைரன்?

— அது ஊதி எத்தனையோ நாளாச்சு. ரிப்பேருக்கு எழுதிப் போட்டு எழுதிப் போட்டு அலுத்துட்டேன்.

— எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். உன் மாப்பிள்ளை மணல்ல இறங்குவாருன்னு இந்த உலகத்துலயே உனக்குத்தான் நல்லாத் தெரியும்.

— நீ திரும்பப் பாப்பேன்னு நினைச்சேன்.

— படிச்ச சேதியை யாராவது திரும்பப் படிப்பாங்களா? சரி, அதை விடு. அன்னிக்கு ஆறரைக்கு நீ எனக்குப் போன் பண்ணினியே, "மாப்பிள்ளை வீட்டுலயா இருக்காரு?"ன்னு. நீ அப்படிக் கேட்டதே கிடையாது. எதுக்குக் கேட்டே?

— சும்மாதான். ஷிப்ட் முடிஞ்சுது, ஒரு வார்த்தை பேசலாம்னு.

— நான் அழுதுகிட்டே ஆத்தங்கரை பூரா தேடி ஓடிட்டிருந்தேன். "தண்ணி வந்துடுச்சு, அவரைக் காணோம்"னேன். நீ போனை வச்சிட்டே. ஒரு வார்த்தை பேசல.

— அதிர்ச்சியில வச்சிட்டேன்மா. நான் என்ன கல்லா?

— அப்போ காலைலயேதான் திருத்தினே.

— சொன்னேனே.

— நல்லா யோசிச்சுச் சொல்லு. நான் உன்னை அவசரப்படுத்தல. வேற மாதிரி ஏதாவது நடந்திருந்தாலும் பரவால்ல, இப்ப சொல்லிடு. நம்ம ரெண்டு பேரு மட்டுந்தான் இருக்கோம்.

— அதுல யோசிக்க என்ன இருக்கு? பதினொன்று பத்துக்குப் போட்டேன். பதினொன்று பன்னிரண்டுக்குத் திருத்தினேன். என் பொண்ணுங்க மேல சத்தியம்.

— பொண்ணுங்களை விடு. அதுங்க பாவம். சரி, அந்தப் பேப்பரை எடு. நான் தவறாகப் படிச்சேன்னு இருக்கற வாக்கியத்தை அடி.

— வேற பேப்பர்ல எழுதிக்கலாமே.

— வேண்டாம். இதுலயே. ஒரே கோடு. கிறுக்காதே, அடிச்ச வார்த்தையும் தெரியணும். எங்க வகுப்புல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. தப்பும் தெரியணும், திருத்தமும் தெரியணும், திருத்தினவன் கையெழுத்தும் பக்கத்துல இருக்கணும். அப்பதான் அது திருத்தம்.

— உன் வகுப்பு உன்னை விடாது போல. சரி, அடிச்சாச்சு. என்ன எழுதட்டும்?

— இனி நீ சொல்ற மாதிரி, உன் வாக்குமூலமா எழுது. "அறிவிப்பில் முதலில் மாலை ஏழு மணி என்றே இருந்தது. என் தங்கை அதைச் சரியாகப் படித்தாள்." தங்கைன்னே எழுது. பதவி வேண்டாம்.

— "சரியாகப் படித்தாள்." அப்புறம்?

— "பின்னர் அதை நான் ஐந்து மணி என்று திருத்தினேன். திருத்திய நேரம்..." இதை உன் மனசுல இருக்கறபடி எழுது. நான் சொல்ல மாட்டேன்.

— "காலை பதினொன்று பன்னிரண்டு." இதுவும் நல்லதுக்குத்தான்மா. உன்மேலயும் தப்பில்ல, என்மேலயும் தப்பில்ல. தற்செயல்னு முடிச்சிடுவாங்க.

— கையெழுத்துப் போடு.

— இதோ. தேதியும் போட்டுட்டேன். சந்தோஷமா? இப்ப நீ கைநாட்டு வை.

— எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பேனாவைக் குடு.

— அட, எவ்வளவு நிதானமாப் போடறே! மாப்பிள்ளை இருந்தா கிண்டல் பண்ணியிருப்பாரு.

— பண்ணியிருப்பாரு. "டீச்சரம்மா, கோலம் போட்டது போதும், பேனா தேயுது"ன்னுவாரு. அண்ணே, இன்னிக்கு என்ன திடீர்னு படிக்க உக்காந்தேன்னு நீ கேக்கவே இல்லையே.

— ஏன்?

— பிணவறையில ஒரு பை குடுத்தாங்க இல்ல. பெல்ட்டு, சாவி, அவரோட போன். போனைக் கடைவீதியில ரிப்பேர்காரர்கிட்ட குடுத்து வச்சிருந்தேன். அதுல அவரு குரல் ஏதாவது மிச்சம் இருக்குமான்னு. தினம் போய் நிப்பேன், தினம் உதட்டைப் பிதுக்குவாரு. இன்னிக்குக் காலைல உயிர் வந்துடுச்சு.

— தண்ணியில கிடந்த போனா?

— அதேதான். "சிம்மைப் போட்டுத் தரட்டுமா?"ன்னாரு. வேண்டாம்னுட்டேன். போட்டா, "பம்ப் ரெடியா அண்ணாச்சி?"ன்னு யாராவது கூப்பிடுவாங்க, என்னால தாங்க முடியாதுன்னுதான். வேற எந்த எண்ணமும் இல்ல. அதனால அது வெளி உலகத்தோட ஒட்டல. அன்னிக்கு எதோட நின்னுச்சோ, அதோட அப்படியே இருக்கு.

— அந்தப் போன் எங்க? எடு, நான் பாக்கறேன்.

— இங்க இல்ல. வரும் வழியில விசாரணை அதிகாரி கையில குடுத்துட்டுதான் வந்தேன். உன் அறிவிப்பைத் திறந்து அவருக்கு வாசிச்சும் காட்டினேன். "உங்க அண்ணன் சொல்றதையும் எழுதி வாங்கிட்டு வாங்கம்மா"ன்னாரு. இப்ப எழுதிக் குடுத்துட்டே. எத்தனை தடவை கேட்டேன் அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுன்னு.

— அம்மாடி... அந்தப் பேப்பரைக் குடு. குடுன்னு சொல்றேன்ல.

— தர மாட்டேன். பகல் பூரா குரூப்ல வந்தது எல்லாம் அந்தப் போன்லயும் வந்திருக்கு. நாலரை மணிக்கு யாரோ ஆட்டுக்குட்டியைக் காணோம்னு போட்டதுகூட இருக்கு. கடைசியா என்னைத்தான் கூப்பிட்டாரு. "டீச்சரம்மா, ஏழுன்னுதானே சொன்னே, ஏதோ இரைச்சல் கேக்குதே"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும்போது நின்னு போச்சு. அந்தப் போன்ல உன் அறிவிப்பு இன்னமும் ஏழு மணின்னுதான் இருக்கு அண்ணே, பக்கத்துல அந்தக் கடுகு வார்த்தையும் கிடையாது. அது தண்ணிக்குள்ள போன நேரம், மாலை ஐந்து நாற்பத்தொன்று.