ஒட்டுப் போட்ட ரப்பர் படகு

— அப்ப வட்டமா இருக்கற படகு வேண்டாமுங்களாண்ணா?

— வேண்டாங்க தம்பி. வட்டமா இருந்தா சுத்தும். பவானிசாகர்ல ஒருக்கா பரிசல்ல ஏறுனேன். அணை தெரிஞ்சுது, அக்கரை தெரிஞ்சுது, பரிசல்காரர் மூஞ்சி தெரிஞ்சுது, மறுபடியும் அணை. எறங்கி ஊட்டுக்கு வந்தா ஊடும் சுத்துது.

— அப்ப இந்த நீட்டப் படக எடுத்துக்குங்க. சூலூர் மிலிட்டரி ஏலத்துல வந்தது. நாலு பேரு தாராளமா ஒக்காரலாம். காத்து ரெண்டு அறையா இருக்குதுங்ண்ணா. ஒண்ணு பஞ்சரானாலும் இன்னொண்ணு தாங்கும். பாலகோபால் குடுத்தா கேரண்டி.

— ரெண்டும் பஞ்சரானா?

— நீந்திக்கலாமுங்ண்ணா.

— பாலகோபாலு, ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லிப்போடாதீங்க. இந்தத் திருமூர்த்தி செஞ்ச பம்புசெட்டு இந்த ஜில்லாவுல எறங்காத கெணறு இல்ல. ஆனா எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணிய மேல கொண்டார மெசின் கண்டுபுடிச்சவன், என்னாட்டம் கீழ எறங்கப் பயந்தவனாத்தான் இருப்பான்.

— நீச்சல் தெரியாமயா பாய்க்கப்பல் வாங்கினீங்க?

— வாங்கிப்போட்டனே. என்ற சம்சாரம், நம்மூட்டு அம்மணி, பெருந்துறை ஆஸ்பத்திரியில நெஞ்சு நோவோட படுத்துக் கெடந்தது உங்களுக்குத் தெரியுமில்ல. பொழச்சு வந்தப்போ டாக்டரு, நல்ல காத்து வேணுமின்னாரு. எல்லாரும் குன்னூர்ல ஊடு வாங்குன்னாங்க. நான், சீமைக்குத் திரும்பற ஒரு டீத்தோட்டத்துத் தொரைகிட்டக் கப்பல் வாங்கினேன். அப்ப சிரிச்சாங்க பாருங்க, அவிநாசி ரோட்டுல இருக்கற மில்லுக்காரங்க பூராவும். இப்பவும் சிரிப்பு அடங்கல.

— கப்பல் இருக்கறப்ப இந்த ரப்பர் படகு எதுக்குங்ண்ணா?

— கப்பலுக்கு அடியில ஆளு ஒசரத்துக்கு இரும்புப் பலகை தொங்குதுங்க. கரைக்கு வந்தா சேத்துல குத்திக்கும். அதனால அது பவானிசாகர் அணையில நடுத்தண்ணியில நிக்குது. நான் கரையில கொடை புடிச்சுக்கிட்டு நிக்கறேன். ஞாயித்துக்கெழமையானா ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறோம்.

— இத்தன நாளா நீங்க ஏறவே இல்லீங்களா?

— காலு நனைஞ்சிருக்குது. வர்ற ஞாயித்துக்கெழமை ஏறியே ஆகோணும். அம்மணி ஆஸ்பத்திரியில இருந்து வந்து அன்னிக்கு ஒரு வருசம். ரெண்டு பேரும் அந்தக் கப்பல்ல ஒக்காந்து கட்டுச்சோறு உண்ணோணும். அந்த டாக்டரு பேரச் சொல்லி மொதக் கவளம். இவ்வளவுதான் என்ற ஆசை.

— அப்ப மரப்படகே எடுத்துக்கலாமே. ரப்பரை விடத் தெம்பா இருக்குமுங்ளே.

— மரம் கப்பல் மேல இடிச்சுப்போடும். கப்பல்ல பெயிண்டு உரிஞ்சா, ஊட்டுல என் தோல் உரியும். இது மெத்துனு போயி ஒட்டிக்கும். மடிச்சுக் கார் டிக்கியிலயும் வெச்சுக்கலாம். ஆமா, இங்க என்னங்க, ஒட்டுப் போட்டிருக்குது? சண்டையில குண்டு பட்டதா?

— சண்டைக்கெல்லாம் போகலீங்ண்ணா. குடோன்ல எலி. ஒட்டு இல்லாம ஒண்ணு மேல இருக்குது, எறக்கட்டுங்களா?

— இருங்க. இந்த ஒட்டுப் போட்டதுக்குக் காத்தடிச்சு எத்தன நாளாச்சு?

— போன மாசம் அடிச்சதுங்க. ஒட்டுகிட்ட இன்னும் கல்லாட்டம் இருக்குது. அமுக்கிப் பாருங்க.

— எனக்கு இதுவே போதும். புதுசு எப்பக் கிழியுமின்னு யாருக்குத் தெரியும். இது கிழிஞ்சு, ஒட்டி, தாங்கி நின்னுக்கிட்டிருக்குது. நம்மூட்டுலயும் நெஞ்சுல ஒட்டுப் போட்டுத்தான் அனுப்பி வெச்சாங்க. இப்ப அம்மணி கூப்புட்டா மதுக்கரை வரைக்கும் கேக்குது.

— சரிங்ண்ணா, படகு முடிஞ்சுது. பின்னால மாட்டற மோட்டார்? ரெண்டு எச்.பி. ஒண்ணு, அஞ்சு எச்.பி. ஒண்ணு இருக்குது.

— மோட்டார் நானே செஞ்சு பாத்தேன்.

— நீங்களேவா?

— நம்ம பம்பு எஞ்சின்தான். காத்தாடி ஒண்ணு மாட்டித் தோட்டத்துத் தொட்டியில எறக்கினேன். தண்ணி பூராவும் எருமை மேல. அது அன்னைக்கு மெரண்டு ஓடுனது, கருமத்தம்பட்டி சந்தையிலதான் புடிச்சாங்க. எஞ்சின் எடை வேற, ரெண்டு ஆளு. ரப்பர் படகுல மாட்டியிருந்தா நான் மல்லாந்து ஆகாசத்தப் பாத்துக்கிட்டே உள்ள போயிருப்பேன்.

— அதே கதைதானுங்ண்ணா அஞ்சு எச்.பி.க்கும். பின்னால இருக்கறது வெறும் பலகை. பாரம் ஏறினா மூக்கு மேல தூக்கிக்கும். ரெண்டு போதும், கேரண்டி.

— ஏனுங்க, ஏழரை எச்.பி. மோட்டார் விக்கறவன் ரெண்டு எச்.பி. வாங்கினான்னு தெரிஞ்சா பீளமேட்டுல தலை காட்ட முடியுமா? மெதுவாப் போனா நடுவழியில எனக்குப் பயம் வேற வந்துரும். அஞ்சையே குடுத்துருங்க. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள சேந்துரோணும்.

— கண்ண மூடிக்கிட்டு ஓட்டக் கூடாதுங்ண்ணா.

— ஏனுங்க, காருக்குள்ள வெந்து போறேன். படகு வாங்கறீங்களா, படகுக்குப் பொண்ணு பாக்கறீங்களா?

— வந்துட்டா. பாலகோபாலு, இதுதான் நம்மூட்டு அம்மணி, சாந்தாமணி.

— வாங்கக்கா. மோட்டார்லதான் நிக்குது. அண்ணன் அஞ்சுங்கறாரு, நான் ரெண்டுங்கறேன். நீங்களே சொல்லிருங்க. அலையில தூக்கிப் போட்டா உங்களுக்குத்தான் பயமா இருக்கும்.

— எனக்கென்னங்க தம்பி பயம். நான் பரிசல்ல போயி ஏறிருவேன். பாய் ஏத்தறது, கப்பல ஓட்டறது எல்லாம் நாந்தான். இவரு அந்தக் கொடையோட ஒத்தையில நிக்கறதப் பாத்துக்கிட்டேதான் வாராவாரம் சுத்திச் சுத்தி வாரேன். ரெண்டே குடுங்க. ஆஸ்பத்திரி வராண்டாவுல கண்ண மூடாம எனக்காக ஒக்காந்திருந்த மனுசன். அவரு மெதுவாவே வரட்டும், ஞாயித்துக்கெழமை நான் பாய எறக்கிப்போட்டுக் காத்திருக்கறேன்.