தடங்கல் இல்லாத அப்பா

வெளியே கிளம்பும்போது நான் இரண்டு குடை எடுத்துக்கொள்வேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். மழை வந்ததும் அவர்களே பல்லைக் காட்டிக்கொண்டு ஒன்றைக் கேட்பார்கள்.

என் பிழைப்பே அதுதான். ஒரு நிறுவனத்தின் செயலி ஒரே சர்வரை நம்பி ஓடினால், அந்தச் சர்வர் மண்டையைப் போடும் அன்று நிறுவனத்தின் மானம் சந்தி சிரிக்கும். அதனால் பல சர்வர்களைக் கூட்டாகக் கட்டிவைப்போம். வேலை செய்கிற சர்வர் "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று ஓயாமல் துடிப்பு அனுப்பும். துடிப்பு நின்றால், சும்மா உட்கார்ந்திருக்கும் இன்னொன்று அதன் பெயரையும் முகவரியையும் எடுத்து மாட்டிக்கொண்டு வேலையைத் தொடரும். பயன்படுத்துகிறவருக்கு ஆள் மாறியதே தெரியக்கூடாது. நான் கட்டிய எதிலும் இதுவரை தெரிந்ததில்லை.

இப்போது, இந்த ஸ்டேஷனில் என் அக்கா கொடுத்த புகாருக்கு வருகிறேன், சார். எந்தச் சட்டப் பிரிவில் போடுவது என்று நீங்களே தலையைச் சொறிவது தெரிகிறது. அவசரமில்லை.

அக்கா வெளிநாட்டில் இருக்கிறாள். அப்பாவுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு போனவள். ஆண்டுக்கணக்கில் பேச்சில்லை, பிறகு மெல்ல மெசேஜ் தொடங்கியது. அப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் எல்லாம் எழுத்தில்தான். தினமும் காலையில் "எழுந்துட்டேன், காபி ஆச்சு" என்று அனுப்புவார். ஒருநாள் தாமதமானாலும் அக்கா என்னைக் கூப்பிட்டு உயிரை வாங்குவாள்.

அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கை விளங்காமல் போனபோது, அந்தக் காலைச் செய்தியை நான் எடுத்துக்கொண்டேன். அக்காவுக்கு எதுவும் தெரியவில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க," என்றார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

அப்பா விடவில்லை. "அவள வரச் சொல்லுடா. நேர்ல மன்னிப்புக் கேக்கணும்," என்றார். நியாயமான கோரிக்கை. நான் போனை எடுத்து, அவர் பெயரில் மன்னிப்பை அழகாக எழுதி அனுப்பினேன். அவர் குழறியதைவிட என் வாசகம் நன்றாகவே இருந்தது. அக்கா அழுதுவிட்டாளாம். "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போறேம்பா," என்று எழுதினாள்.

"எதுக்கும்மா வீண் அலைச்சல். நான் நல்லா இருக்கேன்," என்றார் அப்பா. அதாவது நான்.

பக்கத்து அறையிலிருந்து அசல் அப்பா கேட்டார்: "கிளம்பிட்டாளாடா?"

"டிக்கெட் எடுத்துட்டாளாம்பா," என்று அவர் காதில் விழும்படி கத்தினேன்.

இரண்டு பக்கமும் நிம்மதி. மன்னிப்புதான் போய்ச் சேர்ந்துவிட்டதே, அப்புறம் ஆள் எதற்கு?

அவர் போன பிறகு காரியத்தை நானே முடித்தேன். அக்கம்பக்கத்தாரிடம் அக்காவுக்கு விசா சிக்கல் என்றேன். மறுநாள் காலை அப்பா வழக்கம்போல் எழுந்து காபி குடித்தார். சொல்லப்போனால், முன்பைவிட நல்ல மனிதராகிவிட்டார். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளை மறப்பதில்லை. மருமகனைத் தவறாமல் விசாரிப்பார். "தம்பி உங்கள நல்லா பாத்துக்கறானா?" என்று அக்கா கேட்டால், "அவன மாதிரி பிள்ள கிடைக்கணுமே," என்பார். உயிரோடு இருந்தவரை அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அதை எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிடும்.

ஒருநாள் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். "வாசல்ல இருக்கேம்பா, கதவத் திறங்க" என்ற செய்தி என் சட்டைப் பையில் ஒலித்தது. "வர்றேம்மா" என்று பதில் போட்ட பிறகே கதவைத் திறந்தேன். பழக்கதோஷம்.

வீட்டுக்குள் வந்து, சுவரில் மாலையோடு இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தாள். என் கையிலிருந்த அவருடைய போனைப் பார்த்தாள். கத்தவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அப்பா கடைசியா என்னடா சொன்னாரு?"

அவளிடம் நான் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாது. அன்று அவர் உள்ளேயிருந்து ஏதோ சொல்லிக் கூப்பிட்டார். பிறகு இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாக. நான் கூடத்தில் உட்கார்ந்து, "இப்பதாம்மா சாப்பிட்டு முடிச்சேன்" என்று அவர் பெயரில் அக்காவுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் அவள் பயந்துவிடுவாள் அல்லவா. அனுப்பி முடித்துவிட்டுத்தான் எழுந்து போனேன்.