லேபுக்குப் போன புது ஆயில்

வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர், மாமாவும் மச்சானும்.

"அவ்ளோ அழுக்கு ஆயில எப்பிடி மாமா லேபுக்கு அனுப்புறது? வெக்கமா இருந்துச்சி" என்றான் மச்சான். நான் ஜன்னலிலிருந்து காதைத் திருப்பிக்கொண்டேன்.

"அதுக்கு இன்னா பண்ண?"

"வடிச்சிட்டு, காருக்குப் புது ஆயில் ஊத்தி, அதுல ஒரு பாட்டில் புடிச்சி அனுப்பினேன்."

"டேய், எஞ்சின் உள்ள தேயுற தூளு பழைய ஆயில்லதான்டா கெடக்கும். அதப் பாக்கத்தான் டெஸ்ட்டே."

"பழைய காரு, எஞ்சின் எப்பிடிக் கீதுன்னு பாக்கணும், ஆயில லேபுக்கு அனுப்புன்னுதான் மெக்கானிக் சொன்னாரு. ரிப்போர்ட்டு நல்லாதான் வந்துச்சி மாமா. நம்பி சவாரிக்கு எடுத்தேன். நெட்டப்பாக்கம் தாண்டுறதுக்குள்ள எஞ்சின் ஜாமாயிடுச்சி."

"வேற எஞ்சின் போட முடியாதா?"

"எத வித்துப் போடுறது? காரு வாங்கவே ரெண்டு மாட்டையும் வித்தாச்சி."

கண்டக்டர் வந்தார். மாமாவே இருவருக்கும் டிக்கெட் எடுத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அந்தப் பழைய ஆயில இன்னாடா பண்ண?"

"கீழ ஊத்த மனசு வரல. மாட்டுக் கொட்டாய் கம்பத்துக்கெல்லாம் பூசிட்டேன், கரையான் ஏறக்கூடாதுன்னு. காரு ஓடுனா திரும்ப மாடு வாங்கலாம்னு இருந்தேன்."

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"கரையான் ஏறுச்சா?"

"இல்ல மாமா. கம்பமெல்லாம் கல்லு மாதிரி நிக்குது."