மெதுவா மேடத்துக்கு, காலம் கடந்து நாங்கள் சொல்வது

அயல்மொழியின் அச்சத்தை அகற்றி, அதன் அழகை அள்ளி அளித்த அருமை ஆசானே! பிழையைக் கண்டு பழிக்காமல், பிழைக்குப் பின்னே நின்று தவிக்கும் பிள்ளையைக் கண்ட பேராசிரியப் பெருந்தகையே! முப்பத்தோராண்டு இத்துறையின் முதுகெலும்பாய் முறிவின்றி நின்று, இன்று பணி நிறைவு பெற்று விடைபெறும் எங்கள் அம்மையீர்! வணக்கம்.

வாயார வாழ்த்தத்தான் கூடியிருக்கிறோம். ஆனால் இம்மடலை எழுத உட்கார்ந்தபோது, வாழ்த்துக்கு முன்னால் வேறொன்று நாவில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு மாலை போடுவது முறையாகாது. ஆகவே, முதலில் பெருமை, பிறகு எங்கள் சிறுமை, இறுதியில் வாழ்த்து. பொறுத்தருள்க!

ஜெர்மன் தெரிந்தவர் எல்லாரும் ஜெர்மன் ஆசிரியரே என்று உலகம் எண்ணியிருந்த காலத்தில், "சாப்பிடத் தெரிஞ்சவங்க எல்லாம் சமையல்காரங்களா?" என்று கேட்டவர் தாங்கள். அம்மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்க்கு அதை எப்படிக் கற்பிப்பது என்பதையே தனிப் படிப்பாக்கி, முதுகலைப் பட்டமாக்கி, இரண்டாம் மாடியில், சரியாக மூடாத ஜன்னலுள்ள அறையில் ஏழு மாணவரோடு தொடங்கினீர்கள். பகலில் அவர்கள் கற்றார்கள். மாலையில் வேலைக்காக ஜெர்மன் படிக்க வந்த நர்ஸுகளுக்கும் வெல்டர்களுக்கும் அவர்களே கற்பித்தார்கள். கடைசிப் பெஞ்சில் அமர்ந்து, மாணவ ஆசிரியர் வேகம் பிடிக்கும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா" என்பீர்கள். அதனால் வந்ததுதான் அந்தப் பட்டப்பெயர். "மெதுவா மேடம் வந்துட்டாங்க, வேகமா ஓடு!" என்று மாடிப்படியில் கேட்கும் குரலுக்கு நீங்கள் சிரிப்பதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம்.

சிரிக்காத ஒரு நாளும் உண்டு. பத்தாண்டுகளுக்கு முன், சேர்க்கை நேர்காணல் நடந்த நாள் அது.

அன்று கடைசியாக வந்தவர் ஒரு நர்ஸ். ஆறு ஆண்டுகள் ஜெர்மன் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, கணவரோடும் நான்கு வயது மகளோடும் திரும்பியிருந்தார். இங்கேயே இருந்து மொழி ஆசிரியராக வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு இந்தப் பட்டம் வேண்டும். பழைய மருத்துவமனை அவருக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தது. தை மாத முடிவுக்குள் திரும்பாவிட்டால் அதுவும் போய்விடும். இதையெல்லாம் அவர் எங்களிடம் சொல்லவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, சான்றிதழ்களை மேசையில் நேராக அடுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

எதிரே நால்வர்: தலைவராகத் தாங்கள்; இலக்கணம், ஒலியியல், இலக்கியம் கற்பிக்கும் நாங்கள் மூவர். அவர் ஜெர்மன் பேசத் தொடங்கியதும் அருவி கொட்டியது. ஆனால் கலங்கிய அருவி. அம்மொழியில் கட்டிலுக்கும் நாற்காலிக்கும்கூட ஆண், பெண், இரண்டுமில்லாதது என்று பால் உண்டு; பெயருக்கு முன் வரும் ஆர்டிகிள் என்ற சிறுசொல் அதைக் காட்டும். அவரோ கட்டிலை ஆணாக்கினார், நாற்காலியைப் பெண்ணாக்கினார். நோயாளிகளிடமும் ஆயாக்களிடமும் காதால் பொறுக்கிய மொழி அது. எங்களில் ஒருவர் பேனாவை மூடியே வைத்துவிட்டார்.

தாங்கள்தாம் கேட்டீர்கள்: "முதல் நாள் ஒருத்தங்களுக்கு என்னம்மா சொல்லிக்கொடுப்பீங்க?"

"'புரியல, இன்னொரு தடவ சொல்லுங்க'ன்னு சொல்லத்தான் மேடம்."

"வணக்கம் சொல்லக் கத்துக்கொடுக்க மாட்டீங்களா?"

"அதக் கைய கூப்பினாலே புரிஞ்சுக்குவாங்க." சற்று நிறுத்தினார். "நான் போன புதுசுல எது சொன்னாலும் தலையாட்டுவேன் மேடம். தெரியலன்னு சொல்ல வெக்கம். ஒரு பெரியவர தனியா எந்திரிக்க விடாதேன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க. அதுக்கும் தலையாட்டினேன். அவர் எந்திரிச்சாரு. விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு. என்னை யாரும் திட்டல. தலையாட்டினதுக்கு என்னன்னு திட்டுவாங்க?"

அவர் வெளியே போனதும் தாங்கள் சொன்னது நினைவிருக்கிறது: "ரெண்டு வருஷம் படிச்சு நம்ம பிள்ளைங்க எத தெரிஞ்சுக்கணுமோ, அது அந்தப் பொண்ணுக்கு இப்பவே தெரியும்."

"ஆர்டிகிளே தெரியல மேடம்!" என்றோம்.

"ஆர்டிகிள ஆறு மாசத்துல சொல்லித்தந்துடலாம். இத எப்படிச் சொல்லித்தருவீங்க?"

பதில் இல்லாதவரிடமும் வாக்கு இருந்தது. மூன்றுக்கு ஒன்று என்று தாங்கள் தோற்றீர்கள். மறுப்புக் கடிதத்தில் தலைவர் என்ற முறையில் தாங்களே கையெழுத்திட்டீர்கள். அந்தக் கடிதத்தைத் தபாலில் விடாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள் என்பது எங்களுக்கு வெகுநாள் தெரியாது.

அதன்பின் செவ்வாய்தோறும் அந்த நர்ஸ் தங்கள் வகுப்பின் ஓரத்தில் வந்து அமர்ந்தார். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை; தேர்வும் இல்லை. வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் பால் பிரித்தீர்கள். மார்கழிக்குள் அவர் பேச்சில் பாதிப் பிழை உதிர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கச் சொன்னீர்கள்.

தை பிறந்த வாரத்தில் அலுவலக வாசலில் அவர் தங்களை நிறுத்திக் கேட்டார். எங்கள் எழுத்தர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், அடுத்த வருஷம் கண்டிப்பா கிடைக்குமா? கிடைக்கும்னா நான் போகல. இவர் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்னு சொல்றாரு."

எங்கள் மூவரையும் தாங்கள் அறிவீர்கள் அல்லவா! "கண்டிப்பான்னு சொல்ல முடியலம்மா" என்றீர்கள்.

அவர் தலையை ஆட்டவில்லை. "புரிஞ்சுது மேடம்" என்று வாய்விட்டுச் சொல்லிப் போனார். மாதக் கடைசியில், மகளை அக்காவிடமும் கணவரிடமும் விட்டுவிட்டு விமானம் ஏறினார். அன்று மாலை எழுத்தரிடம் ஒரு கோப்பைக் கேட்டு வந்த தாங்கள், கோப்பை வாங்க மறந்து, "ஒரு பொய் சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனீர்களாம்.

மனம் வெதும்பியவர் எங்களோடு சண்டை போட்டிருக்கலாம். நாங்களும் பதிலுக்குப் பேசித் தேற்றிக்கொண்டிருப்போம். தாங்களோ பங்குனியில் எங்களை மாணவர்களோடு உட்கார வைத்தீர்கள். நூலகரின் மருமகள் ஹங்கேரி நாட்டவர். அவர் கரும்பலகை முன் நின்று, தம் மொழியைத் தவிர ஒரு சொல்லும் பேசாமல் இரண்டு மணி நேரம் பாடம் எடுத்தார். இலக்கணப் புலிகளான நாங்கள் எலிகளானோம். முதல் கால்மணியில் சிரித்தோம்; அடுத்த கால்மணியில் பக்கத்திலிருப்பவர் நோட்டை எட்டிப் பார்த்தோம்; பிறகு எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். ஒலியியல் ஆசிரியரைப் பார்த்து அந்த அம்மையார் ஏதோ சொன்னார். அவர் புன்னகையோடு தலையாட்டினார். மறுபடி சொன்னார். மறுபடி ஆட்டினார். முன்வரிசை மாணவி திரும்பி, "சார், எந்திரிச்சு நிக்கச் சொல்றாங்க!" என்றாள். வகுப்பே சிரித்தது. அவர் எழுந்தார். அப்படியே வெளியேறி அலுவலகத்துக்குப் போய், "அந்த நர்ஸோட விண்ணப்பம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

விண்ணப்பம் இருந்தது. நர்ஸ்தான் போய் இரண்டு மாதமாகியிருந்தது.

அடுத்த ஆண்டே, பிழைகளை மட்டும் எண்ணாமல் கற்பிக்கும் மனத்தையும் பார்க்கும்படி சேர்க்கை நேர்காணலை மாற்றினோம். அதன்பின் வந்த ஒன்பது அணிகளும் முதல் பருவத்தில் முற்றிலும் தெரியாத ஒரு மொழியின் முன் திருதிருவென்று விழித்த பிறகே ஜெர்மன் கற்பிக்கக் கற்றன. இந்தப் பெருமையை எல்லாக் கூட்டத்திலும் எங்கள் பெருமையாகவே பேசிக்கொண்டோம். யாருடைய இழப்பில் அது வந்தது என்று ஒரு மேடையிலும் நாங்கள் சொன்னதில்லை.

சென்ற வாரம் இவ்விழாவுக்கு அழைக்க, எழுத்தர் அவரைத் தொலைபேசியில் தேடிப் பிடித்தார். நான்கு ஆண்டுகள் கழித்து மகளை அழைத்துக்கொண்டாராம். மகளுக்கு இப்போது பதினான்கு வயது. வார்டில் புதிதாக வரும் நர்ஸுகளுக்கு மதிய இடைவேளையில் அவரே பேச்சு சொல்லித்தருகிறார்.

"மேடம் மேல வருத்தமாம்மா?" என்று எழுத்தர் கேட்டிருக்கிறார்.

"மேடம் மேல என்ன சார் வருத்தம்? பாப்பாவுக்கு முதல் பல்லு விழுந்தத போன்ல பாத்தேன், அந்த வருத்தம் உண்டு. அன்னைக்கு மேடம் கண்டிப்பான்னு சொல்லியிருந்தா நம்பி இருந்திருப்பேன். அப்புறம் அது பொய்யாப் போயிருந்தா, அவங்ககிட்ட கத்துக்கிட்டது அத்தனையும் கசந்திருக்கும். அவங்க சொல்லாததே நல்லதுன்னு நான் சொன்னதா சொல்லுங்க."

"இப்ப வந்து படிக்கலாமேம்மா. இப்ப யாரும் தடுக்க மாட்டாங்க."

"ஆசை இல்ல சார். எப்பப் போச்சுன்னே தெரியல" என்றாராம்.

அம்மையீர்! பட்டங்கள் பல தந்தீர்கள். பாடநூல் பல படைத்தீர்கள். பதவி வந்தபோது பணிந்தீர்கள், பழி வந்தபோது நிமிர்ந்தீர்கள். அவற்றையெல்லாம் பின்னால் பேசவிருப்போர் விரிவாகச் சொல்வார்கள். நாங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே: ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று இத்தனை காலம் தாங்கள் சுமந்தது தங்கள் சுமையன்று. எங்களில் ஒருவர் கை தூக்கியிருந்தால் சமன் ஆகியிருக்கும். இருவர் தூக்கியிருந்தால் அன்றே இடம் கிடைத்து, அவர் "கண்டிப்பா" என்று கேட்கவே நேர்ந்திருக்காது.

நோய் நொடி அண்டாது, நூறாண்டு நிறைவோடு, விரும்பிய நேரம் விழித்து, விரும்பிய நூலை விரித்து, மகன் மருமகள் பேரன் பேத்தி சூழத் தாங்கள் நெடிது வாழ்க! தங்கள் செவ்வாய்க்கிழமைகள் இனி எவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத தங்கள் சொந்தக் கிழமைகளாகுக! எங்களை மன்னிக்கக் கேட்கவில்லை, மறக்காமலிருக்கக் கேட்கிறோம்.

இங்ஙனம்,
அன்று கை தூக்காத மூவர்,
அவர்களுக்குப் பின் வந்து இதைக் கேட்டுத் தலை குனிந்த ஆசிரியர் பன்னிருவர்,
வாசலில் கேட்டதைப் பத்தாண்டுகள் எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த எழுத்தர்.