பேரரசருக்கு வைத்திருந்த துணி

— கத்தரிக்கோலைக் கீழ வைங்கப்பா. அந்தக் கறுப்புக் கம்பளியையா வெட்டிட்டீங்க?

— வெட்டியாச்சு ஹெட்விக். காலையில ஏழு மணிக்கே.

— நேத்துப் பூராக் கடையைப் பூட்டிட்டு எங்கயோ போனீங்க. இன்னிக்கு இது. உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?

— உடம்புக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு.

— பதினஞ்சு வருஷம் பூச்சி உருண்டை போட்டுப் பொத்தி வெச்ச துணிப்பா! ஒரு ரொட்டி கோடிக்கணக்கான மார்க்குக்கு வித்த வருஷத்துலகூட நீங்க இதை விக்கல. “ஜெர்மனிக்குத் திரும்ப ராஜா வருவார், அன்னிக்கு என் கையால தைச்ச கோட்டைத்தான் போடுவார்”னு. இப்ப என்ன, வந்துட்டாரா? போட்ஸ்டாம்ல எனக்கு மட்டும்தான் தெரியலையா?

— கிண்டல் பண்ணு, டாக்டரம்மா. படிச்சவ, பண்ணலாம்.

— யார் அளவுக்கு வெட்டினீங்க? பட்டத்தை விட்டுட்டு ஓடிப்போய் ஹாலந்துல உக்காந்து விறகு பொளந்துக்கிட்டிருக்காரே, அந்தக் கிழவருக்கா?

— கெய்சர்னு சொல்லு, பேரரசர் அவர். அவருக்கு எழுபத்து நாலு ஆச்சு. இனி எங்க வரப்போறார்.

— அப்ப அவர் மகன்?

— அவர்தான் அப்பவே உரிமை வேணாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரே.

— சரி, மூத்த பேரன். நடுச்சுவர்ல படத்தை மாட்டி, தினம் தூசி தட்டறீங்களே.

— பேப்பர் பாக்கலையா நீ? போன வாரம் அவருக்குக் கல்யாணம். பொண்ணு ராஜ குடும்பம் இல்ல. சமமான குலத்துல கட்டலேன்னா வாரிசு இல்லைங்கறது அவங்க வீட்டுச் சட்டம். தெரிஞ்சேதான் கட்டியிருக்கார்.

— மிச்சம் அவரோட தம்பிதான். அமெரிக்காவுக்குப் போய் மோட்டார் தொழிற்சாலையில ஸ்பானர் பிடிச்சவர்.

— இனி அவர்தான் வாரிசு.

— பேஷ்! அரியணையில எண்ணெய்க் கறை படாமப் பாத்துக்கச் சொல்லுங்க.

— சிரிச்சுட்ட. மூணு வாரமாச்சும்மா, நீ சிரிச்சு.

— யாராலயாம்? என்னைக் கட்டிக்கறேன்னு இதே வாசல்ல வந்து நின்ன யோவாகிம்கிட்ட என்ன சொன்னீங்க? “நீங்க பண்ணை வீட்டுப் பிள்ளை, இவ தையக்காரன் மக. இவளைக் கட்டினா உங்கப்பா மேஜர் ஒரு காணி நிலம்கூடத் தரமாட்டார். போயிடுங்க தம்பி.” அந்த மேஜர் சொல்லியிருந்தா மூஞ்சிக்கு நேரா நாலு கேட்டிருப்பேன். சொன்னது நீங்க! இந்த வம்சத்துலயே முதல்ல பல்கலைக்கழகப் படி ஏறினவ நான். முதல் வகுப்புல டாக்டர் பட்டம். அவ்வளவும் வாங்கிக்கிட்டு வந்து நின்னா, என் அப்பாவே எனக்கு விலை கம்மின்னு சொல்றார்.

— முப்பது வருஷம் மேஜர்மாருங்க காலடியில மண்டி போட்டுக் கால்சட்டை அளந்தவன் நான். கீழ இருந்தே பாத்துப் பழகிட்டேன் ஹெட்விக்.

— அதுக்கு நானும் மண்டி போடணுமா? குதிரையில இருந்து விழுந்து வலது தோள் இறங்கிப் போனவன் அவன். பட்டாளத்துலயே வேணாம்னு தள்ளிட்டாங்க. அவனைக்கூட உங்க சட்டம் எனக்கு மேலதான் வைக்குது.

— வைக்குதுன்னுதான் இருந்தேன்.

— இன்னும் அந்தப் படத்தை ஏன் கழட்டல? அவருக்குத்தான் உரிமை போச்சே.

— கழட்டத்தான் ஸ்டூல்ல ஏறினேன். கையில எடுத்து ரொம்ப நேரம் பாத்தேன். இந்தப் பிள்ளை ஒரு பொண்ணுக்காகக் கிரீடத்தையே விட்டுட்டுப் போயிருக்கு. என் வாசலுக்கு வந்தவன் வெறும் பண்ணையைத்தானே விடறேன்னான்? அவனைப் போய்த் துரத்தி விட்டுட்டேனே. மறுபடி அதே ஆணியில மாட்டிட்டு இறங்கிட்டேன்.

— அப்பா...

— அழாத. இந்தா, கோட்டைப் பிடி. இன்னும் ஓட்டுத் தையல்தான், இழுத்துடாத.

— கெய்சருக்குன்னா தப்பா வெட்டியிருக்கீங்க. அவருக்குக் குட்டைக் கை இடது பக்கம்னு ஊருக்கே தெரியும். இதுல வலது தோளுக்குள்ள எதுக்கு இவ்வளவு பஞ்சு... அப்பா! நேத்து எங்க போனீங்க?

— ரயில் ஏறி யோவாகிம் ஊருக்கு, அளவெடுக்க. கால்சட்டை அளக்கக் குனிஞ்சேன். “எந்திரிங்க மாமா”ன்னு என்னைத் தூக்கி நிறுத்திட்டு, டேப்பைப் பிடுங்கி அவனே அளந்துக்கிட்டான் — முட்டாப்பய, ரெண்டு சென்டிமீட்டர் தப்பா.