முதல் குண்டைச் சுட்டது யார்?

— அந்தப் புத்தகம் என் வாழ்க்கையையே புரட்டிப் போட்டுடுச்சுப்பா. சும்மா சொல்லல.

— அப்படியா! எத்தனாவது பக்கத்துலம்மா?

— எத்தனாவதுன்னு எப்படிச் சொல்ல? முழுக்கவே! நீங்க அனுப்புன பார்சலைப் பிரிச்சுட்டு உக்காந்தவ எந்திரிக்கவே இல்ல.

— சரிதான். தலகாணி மாதிரிப் புத்தகம். முதுகு வலிச்சிருக்குமே.

— ஃபோன்லகூட நக்கலாப்பா? சும்மா சொல்லல, ஆபீஸ்ல எல்லாருக்கும் சிபாரிசு பண்ணிட்டேன். மீட்டிங்ல எழுந்து நின்னு, 'ஒரு புரட்சியோட தலையெழுத்து அதோட முதல் சண்டைகள்லயே எழுதப்பட்டுடுது'ன்னு ஒரே போடு. கைதட்டல் அடங்கவே இல்ல.

— அது போன மாசம் நான் உன்கிட்ட ஃபோன்ல சொன்னதாச்சே.

— புத்தகத்துலயும் இருக்குல்ல?

— இருக்கும், இருக்கும். கைதட்டுனவங்க யாராவது படிச்சாங்களா?

— மேனேஜர் ஏற்கெனவே ரெண்டு தடவை படிச்சிருக்காராம்.

— அடேயப்பா! அச்சுலயே இல்லாத புத்தகம். பழைய புத்தகக் கடையில தூசி தட்டித் தேடி எடுத்தேன். அவருக்கு எங்க கிடைச்சுதாம்?

— பெரிய பதவியில இருக்கறவங்களுக்கு எங்கயாவது கிடைக்கும்ப்பா.

— சரிதான். பாலத்துச் சண்டை எப்படி?

— ஐயோ, கண்ணு கலங்கிடுச்சு.

— அதுல யாரும் சாகலியேம்மா. மழையில வெடிமருந்து நனைஞ்சுபோய், ரெண்டு படையும் பாலத்துக்கு அந்தாண்ட இந்தாண்ட நின்னு ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுட்டு, பொழுது சாஞ்சதும் வீட்டுக்குப் போயிட்டாங்க.

— அதான்ப்பா, அந்த வெறுமை! அதுலதான் கலங்குச்சு.

— நல்லா சமாளிக்கிறே. அப்படியே உங்கம்மா.

— அம்மா இருந்திருந்தா உங்களைச் சண்டைப் புத்தகம் வாங்க விட்டிருப்பாளா? நாய் குரைச்சா அடுத்த தெரு வழியா சுத்திப் போற வீரர் நீங்க.

— அதனாலதான் படிக்கிறேன். புத்தகத்துக்குள்ள இருந்து நாய் வராது. பேச்சுத் துணைக்கு ரெண்டு படை வேற இருக்கு. இங்க சுவர்க்கடிகாரம் ஒண்ணுதான் சத்தம் போட்டுக்கிட்டிருந்துச்சு, அதுவும் நின்னுபோச்சு.

— பேட்டரி மாத்துங்கப்பா.

— ஸ்டூல் மேல ஏறணும். யாராவது பிடிச்சுக்கணும்.

— பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதுதானே?

— அவர் என்னைக் கண்டா அடுத்த தெரு வழியா சுத்திப் போறார். அவர்கிட்டயும் இந்தப் புத்தகத்தைச் சிபாரிசு பண்ணிட்டேன்.

— பாவம்ப்பா மனுஷன்!

— ஏம்மா, கொஞ்ச நாள் உன்கிட்ட வந்து இருக்கட்டுமா? நீதான் படிச்சு முடிச்சுட்டியே. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் ஆளுக்கொரு படையை வெச்சுக்கிட்டுப் பேசலாம். தொந்தரவு பண்ண மாட்டேன். தோத்த படையை நான் எடுத்துக்கறேன்.

— எனக்கு மட்டும் ஆசை இல்லையாப்பா? சும்மா சொல்லல, இங்க இடம் ஏது? நீங்களே பார்த்திருக்கீங்களே, அதே பொந்து வீடு. கால் நீட்டினா சமையக்கட்டு. உங்களை எங்க படுக்க வைப்பேன்?

— அதே வீடுதானா?

— வேற எங்க போவேன்?

— சன்னலுக்கு எதிர்ல தகரக் கூரை, அதுமேல பூனைங்க கத்திக்கிட்டே இருக்குமே...

— எல்லாம் அப்படியே இருக்கு. நேத்துகூட ஒண்ணு குட்டி போட்டுச்சு.

— சரிதான்.

— கோவமாப்பா?

— சேச்சே, கோவமென்ன. அந்தப் போர்லயும் முதல் குண்டைச் சுட்டது யாருன்னு கடைசிவரைக்கும் தெரியல. ரெண்டு தரப்பும் 'நாங்க இல்ல'ன்னே சாதிச்சுட்டாங்க. அழகா ஒரு வரி எழுதியிருப்பார். ஞாபகம் இருக்கா?

— இல்லாம என்ன? நுனி நாக்குல நிக்குது. இருங்க, புத்தகம் இங்க தலைமாட்டுலயேதான் இருக்கு, பார்த்துப் படிக்கிறேன்.

— நீ எதுக்கும்மா சிரமப்படறே? நானே படிக்கிறேன், என் மடியிலதான் இருக்கு. வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னு எழுதி, செவ்வாய்க்கிழமையே தபால்காரர் திருப்பிக் கொடுத்துட்டார்.