பருத்திக்காட்டில் ஆடு விட்டவர் பேர்

கோவில்பட்டியில் வேலை ஒன்றும் அமையாததால் நாகலாபுரம் பஸ்ஸில் ஏறினேன். எனக்குப் பின் சீட்டில் ஆடு மேய்க்கிறவர் ஒருவர், மடியில் லேப்டாப் வைத்திருந்த ஆராய்ச்சி மாணவியிடம் பேசிக்கொண்டு வந்தார்.

“தாயி, நான் சொன்னதை நான் சொல்லலைன்னு எழுதிரு.”

“எதை அண்ணாச்சி?”

“அந்தப் பருத்திக்காட்டு விசயத்தை. பேச்சுவாக்குல சொல்லிட்டேன். கடைசிப் பருத்தி எடுக்குமுன்ன ஆட்டை உள்ள விட்டவன்னு தெரிஞ்சா, எந்தச் சம்சாரி தன் காட்டுல உரத்துக்குக் கிடை போட என்னைக் கூப்பிடுவான்? ராத்திரி ஆட்டை எங்கன கொண்டுபோய் அடைப்பேன்?”

“ஏன் பயப்படுதீங்க? கட்டுரையில ‘ஆடு மேய்ப்பவர் ஒருவர், நேரில் சொன்னது’ன்னுதான் இருக்கும். பேரு, ஊரு ஒண்ணும் வராது.”

“நெசமாவா?”

“நீங்க சம்மதிக்காம பேரைப் போடக் கூடாது. அதான் எங்க முறை.”

“அப்பாடா! மேலக்காட்டுல விட்டது நாந்தான்னு இனி ஒரு பயலுக்கும் தெரியாது.” இதைச் சத்தமாகவே சொன்னார்.

என் பக்கத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்தவர் விழித்துத் திரும்பினார்.

“ஏலே, அது என் காடுலே. காடு பூரா புழுக்கை கிடந்துச்சு. உன் ஆடுதான்னு எனக்குத் தெரியாதாக்கும்? மறுவருசம் உளுந்து நல்லா வெளஞ்சுது, அதான் கேக்கல. இந்த வருசம் கிடையை அங்கனயே போடு.”

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பின் சீட்டில் மெதுவாகக் கேட்டது.

“தாயி, அப்ப எம்பேரைப் போட்டுரு. ஊரையும் சேத்துப் போடு.”